1000 கெஜம் மலையேற்றம்: பழைய கார்களோடு ஒரு நாள் (நீளமான பதிவு, சாயா வைத்துக்கொண்டு படிக்கவும்)

வடசேரி ஸ்பேனர்

மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து திரும்பி நாலு நாளாகிறது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அரண்மனை, ஆற்றுப்பாலம் என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். நான் மனசாரப் பார்த்தது வேறு. அதை வீட்டில் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், அதனால் இங்கே வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மருமகன், "மாமா, பழைய வண்டி பார்க்கப் போவோமா?" என்றார். கல்யாண மண்டப வாசலில் மாலை போட்டு நிறுத்தின மாதிரி நாலைந்து கார் நிற்கும், சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ராத்திரி எட்டு மணி. அப்போதும் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

இடத்தின் பெயர் ஷெல்ஸ்லி வால்ஷ். வூஸ்டர் நகரத்திலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம். ஊர் என்று சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சர்ச், பழைய தண்ணீர் ஆலை ஒன்று, அப்புறம் அந்தக் குன்று. குன்றின் மேல் ஒடுங்கின தார்ச்சாலை. நீளம் 1000 கெஜம், நம் கணக்கில் 914 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் 100 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். அதை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். முதல் போட்டி 1905 ஆகஸ்டில். அதே சாலையில்தான் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். நம் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்ததே 1906-ல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி எப்படி என்றால், ஒரு நேரத்தில் ஒரே வண்டி. முட்டுவதும் முந்துவதும் கிடையாது. கீழே கோட்டில் வந்து நின்றதும் ஒரு ஆள் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளக் கூடாதே. பச்சை விளக்கு எரியும். எரிந்த உடனே பாய வேண்டும் என்று இல்லை. ஓட்டுகிறவர் ஒரு மூச்சு விட்டு, எஞ்சினை முறுக்கி, தனக்குத் தோதான நேரத்தில் கிளட்சை விடலாம். வண்டியின் மூக்கு ஒளிக்கதிரை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். உச்சியில் இன்னொரு கதிர். இடையில் எத்தனை விநாடி, அதுதான் கணக்கு. காலையில் பழக்க ஓட்டம், மத்தியானத்துக்கு மேல் கணக்கில் சேர்கிற ஓட்டம்.

1905-ல் ஜெயித்த டெய்ம்லர் காருக்கு 77.6 விநாடி ஆனதாம். இப்போது அதே மலையில் பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் 23 விநாடிக்குள் ஏறிவிடுகின்றன. நான் போனது பழைய வண்டிகளுக்கான நாள், அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை.

நாங்கள் நின்றது நடுவில் இருக்கிற எஸ் வளைவுக்குப் பக்கத்தில், மண்மேட்டின் மேல். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் காதில் விழும். கீழே ஒரு உறுமல், முதல் வளைவு தாண்டும்போது மரத்துக்குப் பின்னால் கொஞ்சம் அமுங்கும், அப்புறம் நேரே நம்மை நோக்கி வரும். கியர் மாற்றுகிற இடத்தை வைத்தே ஓட்டுகிறவர் பயப்படுகிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். 30 வருடம் ஒர்க்‌ஷாப்பில் நின்ற காதுக்கு அது நல்ல தீனி.

ஃப்ரேசர் நாஷ் என்று ஒரு வண்டி. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியலே கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாக ஒரு சங்கிலி, நம் சைக்கிள் மாதிரி, பின் ஆக்சிலுக்கு நேராக ஓடுகிறது. அதனால் வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். தூரம் வேறு, வேகம் ஒன்று. அப்போது ஏதாவது ஒரு டயர் சறுக்கித்தானே ஆக வேண்டும்? வண்டி வளைவில் பின்பக்கத்தை வீசிக்கொண்டு கோணலாகத்தான் வந்தது. ஓட்டுகிற கிழவர் என்னைவிட மூத்தவர், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார், சந்தைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

இன்னொன்று வாசம். அங்கே போன கொஞ்ச நேரத்தில் என்னமோ தெரிந்த வாசம் அடித்தது. எங்கே என்று தெரியவில்லை. அப்புறம் புரிந்தது, அது விளக்கெண்ணெய். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் மசகு எண்ணெய். அதிகச் சூட்டிலும் படலம் உடையாது. மெத்தனால் எரிபொருளோடு ஒத்துப்போகும் என்பதால் சிலர் இன்றும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். காஸ்ட்ரால் என்கிற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். என் பாட்டி மாதம் ஒரு தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்த சாமானை இவர்கள் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாதனம்) வைத்த வண்டியில் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது, புகையினால்தான்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

மட்டிப்பழம்

அண்ணாச்சி, நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். ஒரு வண்டி ஓடுவது முக்கால் நிமிஷம். அதில் நீங்கள் நிற்கிற இடத்தைத் தாண்டுவது மூன்று நாலு விநாடி. அதற்கு ஒரு நாள் பூரா மண்மேட்டில் நிற்பதா? டிக்கெட் காசு வேறு. அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ ஏத்தங்காய் வத்தல் வாங்கியிருக்கலாம்.

வடசேரி ஸ்பேனர்

தம்பி, சுசீந்திரம் தேர் உன் கண்ணுக்கு முன்னால் எத்தனை நிமிஷம் ஓடுகிறது? நாள் பூரா வெயிலில் நிற்கிறோமே. வடம் பிடிப்பதையும், தேர் நிற்பதையும், கட்டை போடுகிறவர் சக்கரத்தடியில் குனிவதையும் பார்க்கத்தானே போகிறோம்? இங்கேயும் அப்படித்தான். ஓடுவது கொஞ்ச நேரம். மற்ற நேரம் வண்டி நிறுத்துகிற கொட்டகையில்.

அதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஓட்டம் முடிந்த வண்டிகள் உச்சியில் காத்திருந்து, ஒரு கூட்டமாகச் சேர்ந்து அதே சாலையில் மெதுவாக இறங்கி வரும். ஓட்டுகிறவர்கள் கையசைப்பார்கள். பிறகு கொட்டகைக்குப் போய் பானெட்டைத் திறந்துவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கலாம். யாரும் தள்ளிப்போ என்று சொல்லவில்லை. ஒருவர் ஆஸ்டின் செவன் வண்டியில் மேக்னெட்டோவை, அதாவது பிளக்குக்கு மின்சாரம் தருகிற சாதனத்தை, கழற்றிக்கொண்டிருந்தார். 747 சிசி, 1922 முதல் 1939 வரை செய்த சின்ன கார், அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பத்து வண்டி. நான் ஓரமாக நின்று பார்த்தேன். அதற்குள் திறந்து மூடுகிற பாயிண்டுக்கு நடுவில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து, மடித்து, பாயிண்டுக்கு நடுவில் விட்டு ஒரு இழு இழுத்துக் காட்டினேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு அரை மணி நேரம் நாங்கள் பேசினது என்ன பாஷை என்று மருமகனுக்கே புரியவில்லை.

கொட்டகையில் பக்கத்து இடத்தில் ஈஆர்ஏ ஒன்று நின்றது. 1930-களின் இங்கிலீஷ் பந்தய வண்டி, ஆறு சிலிண்டர், சூப்பர்சார்ஜர். கியர்பாக்ஸ்தான் அதிசயம். அடுத்து எந்த கியர் வேண்டுமோ அதை முன்கூட்டியே லீவரில் வைத்துக்கொள்ளலாம். வேண்டிய நேரத்தில் பெடலை ஒரு மிதி, கியர் விழுந்துவிடும். வளைவு வருவதற்கு முன்பே கையை வேலையிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள். இது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின யோசனை.

ஹெரால்டு பேரன்

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. குலசேகரத்தில் எங்கள் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ரப்பர் ஷீட் காய வைக்கிற கொட்டகையில் கிடக்கிறது. மெட்ராஸில் செய்த வண்டி, 948 சிசி. தாத்தா இறந்து ஒன்பது வருஷம். அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணினதே இல்லை. மழைக்காலத்தில் கதவு இடுக்கில் காளான் முளைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் தாத்தா அதில் பேச்சிப்பாறை வரை போய் வருவார். அந்த வண்டி திரும்புகிற வட்டம் 25 அடிதான், ஆட்டோ மாதிரி ஒடித்துவிடலாம் என்பார். நம் வளைவுகளுக்கு அதைவிடத் தோதான வண்டி உண்டா?

வடசேரி ஸ்பேனர்

திரும்புவதில் அது ராஜா. ஆனால் வேகமாக வளைவில் போய் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டுவிடாதே. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், ஒவ்வொரு பக்கத்து ஆக்சிலும் தனியாக மேலும் கீழும் ஆடும். வண்டியின் உடம்பு மேலே எழும்பினால் சக்கரம் அடியில் மடங்கும். தாத்தா மெதுவாக ஓட்டியிருப்பார், அதனால் தெரிந்திருக்காது.

ஆரல் காற்று

அண்ணாச்சி சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இதை நாம் ஏன் இங்கே நடத்தக் கூடாது? அவர்களுக்கு ஒரு குன்று. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியே இருக்கிறது. கீரிப்பாறையிலிருந்து மேலே எஸ்டேட் ரோடு, வளைவு வளைவாக. ஒரு ஞாயிறு அடைத்துவிட்டால் போதும். மாவட்டத்தில் இருக்கிற அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாவற்றையும் வரவழைப்போம். நான் என் ஆர்எக்ஸ் பைக்கோடு வருகிறேன்.

ரப்பர்பால்

தம்பி, நான் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். "ஒரு ஞாயிறு அடைத்துவிட்டால்" என்று சொல்வது எளிது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியலுக்கு முன்னாலேயே அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும் என்றாலும் அதே ரோடுதான். அது போக யானை. சில நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வண்டியை நிறுத்திக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. சைலன்சர் இல்லாத வண்டி நாற்பது அங்கே கத்தினால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று உனக்குத் தெரியுமா? சுற்றிலும் வனவிலங்கு சரணாலயம். அண்ணாச்சி பார்த்த இடத்தில் காட்டு மிருகம் என்று சொல்ல முயல் இருந்திருக்கும்.

மஞ்சோலை வழியாக மேல்கோதையாறு என்று அடுத்து யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அது திருநெல்வேலிப் பக்கம், புலிகள் காப்பகம், செக்போஸ்ட். மறந்துவிடுங்கள்.

ஆரல் காற்று

அண்ணே, வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் கிடைக்கும். வெளிநாட்டுக்காரன் மட்டும் எப்படிச் செய்கிறான்?

தக்கலை டீச்சர்

அதற்கு நான் பதில் சொல்லலாமா? பழைய வண்டிகளில் எனக்கு ஆர்வம் வந்ததே அப்பாவின் ஃபியட்டினால்தான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

அவர்களும் ஒரு காலத்தில் பொதுச்சாலையை அடைத்துத்தான் நடத்தினார்கள். 1925-ல் கோப் ஹில் என்ற மலையில் நடந்த போட்டியில் ஒரு வண்டி விலகி, வேடிக்கை பார்த்தவர் ஒருவருக்குக் கால் முறிந்தது. அதோடு பொதுச்சாலையில் வேகப் போட்டிக்கு அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாடு முழுக்க இருந்த மலையேற்றங்கள் ஒரே வீச்சில் போயின. ஷெல்ஸ்லி வால்ஷ் தப்பித்தது எப்படி? அந்தச் சாலை தனியார் நிலத்துக்குள் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம். புகாட்டி கார் வைத்திருந்தவர்களின் சங்கம் பிரஸ்காட் என்ற இடத்தை 1937-ல் வாங்கி அடுத்த வருஷமே போட்டி நடத்தியதும் அதே மாதிரிதான். வீட்டுக்குப் போகிற பாதையையே பந்தயப் பாதை ஆக்கினார்கள்.

இங்கே சட்டம் இன்னும் தெளிவு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 189-வது பிரிவு. மாநில அரசின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ வைத்தால் குற்றம். வைப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் சேர்த்துத்தான். முறைப்படி செய்ய வேண்டுமானால் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு அனுமதி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள். ஆரல் தம்பி, உங்கள் ஆர்எக்ஸ் பிறகு வரட்டும்.

மட்டிப்பழம்

டீச்சரே, வகுப்பு எடுத்து முடித்துவிட்டீர்களா? எனக்கு ஒரே கேள்வி. அந்த ஃபியட் ஏற்றத்தில் நிற்காமல் ஏறுமா?

தக்கலை டீச்சர்

ஏறும், நின்று நின்று! வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி இருமும், பிறகு படுத்துவிடும். அப்பா எப்போதும் டிக்கியில் ஒரு பழைய துவர்த்தும் தண்ணீர் கேனும் வைத்திருப்பார். துணியை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவிட்டு, நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பொரி உருண்டை சாப்பிடுவோம். ஊட்டிக்குப் போனபோது ஒவ்வொரு கொண்டை ஊசியையும் நான் உருண்டைக் கணக்கில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சரி, விளையாட்டு போதும். நான் சொல்ல வந்தது மீதி இருக்கிறது. அந்தக் கோப் ஹில்லை 2009-ல் திரும்பத் தொடங்கினார்கள். இந்தத் தடவை போட்டி இல்லை, கடிகாரம் இல்லை. பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக மலை ஏறும், ஜனங்கள் பார்ப்பார்கள், வருகிற காசு தர்ம காரியத்துக்கு. நமக்கு ஒத்துவருகிற மாதிரி எனக்குத் தோன்றுவது இதுதான்.

வடசேரி ஸ்பேனர்

டீச்சர் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கடிகாரம் எனக்கும் முக்கியமில்லை. அங்கே பெரும்பாலான ஆட்கள் பக்கத்து வண்டியோடு போட்டி போடவில்லை, போன வருஷத்துத் தன் நேரத்தோடுதான் போட்டி. அரை விநாடி குறைந்துவிட்டால் அந்தக் கிழவர்கள் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

எனக்கு மனசில் நின்றது வேறு. நம் ஊரில் பழைய வண்டி என்றால் இரண்டே கதிதான். ஒன்று, பாலிஷ் போட்டு ரிப்பன் கட்டி மைதானத்தில் நிறுத்துவது, பக்கத்தில் "தொடாதே" என்று போர்டு. இல்லையென்றால் கோட்டாறு பழைய இரும்புக் கடை. ஓடவே விடுவதில்லை. அங்கே கோடிக்கணக்கில் விலை போகிற புகாட்டியை மண் தெறிக்க ஏற்றுகிறார்கள். ஒரு வண்டி மேட்டில் உரசி மட்கார்டு நசுங்கினதை என் கண்ணால் பார்த்தேன். சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே சுத்தியல் எடுத்துவந்தார். எஞ்சின் சும்மா நின்றால்தான் கெடும். சீல் காய்ந்துபோகும், சிலிண்டரில் துரு ஏறும்.

ஹெரால்டு பேரன்

அந்தக் கடைசி வரி என்னைச் சொன்ன மாதிரி இருக்கிறது.

அண்ணாச்சி, எங்கள் தோட்டத்துக்குள் ஒரு ஏற்றம் இருக்கிறது. கொட்டகையிலிருந்து மேல் வீடு வரை, 300 மீட்டர் இருக்கும், ஒரே ஒரு வளைவு. தாத்தா லாரி ஏறுவதற்காக கான்கிரீட் போட்டது. எங்கள் சொந்த நிலம். பக்கத்தில் காடு இல்லை, யானை வருவதில்லை. ரப்பர்பால் அண்ணன் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

ரப்பர்பால்

குலசேகரம் ஊருக்குப் பக்கத்தில் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பால் வெட்டு முடிந்து பத்து மணிக்கு மேல் வையுங்கள். மழை ஓய்ந்த பிறகு. கான்கிரீட்டில் பாசி பிடித்திருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள், இல்லையென்றால் ஹெரால்டு நேராக ஓடைக்குள்தான். நானும் வருகிறேன், வண்டி கிடையாது. சுக்காப்பி போட்டுத் தருகிறேன்.

ஆரல் காற்று

300 மீட்டர்! அதில் என்ன பார்க்க?

மட்டிப்பழம்

மூன்று விநாடிக்குப் பதில் ரெண்டு விநாடி பார்ப்பாய். வா மக்கா, வத்தல் நான் கொண்டுவருகிறேன். எங்கள் சித்தப்பாவின் அம்பாசடரையும் கேட்டுப் பார்க்கிறேன். ஏறாவிட்டால் தள்ளுவதற்கு நீ இருக்கிறாய்.

தக்கலை டீச்சர்

ஃபியட் வரும். துவர்த்தும் வரும். ஒரு நிபந்தனை: பார்க்கிறவர்கள் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது. கயிறு கட்டிவிடுங்கள்.

ஹெரால்டு பேரன்

நேற்று புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் கழுவி, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்த்தேன். எஞ்சின் இறுகிப்போகவில்லை, சுற்றியது. நாலாவது தடவை ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது! அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார். தாத்தா வருகிற மாதிரி சத்தம் கேட்டதாம்.

ஆனால் கியர் விழவில்லை. கிளட்சை மிதித்தாலும் விடுபடவில்லை. என்ன செய்ய அண்ணாச்சி?

வடசேரி ஸ்பேனர்

கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை மழைக்காலம் கிடந்த வண்டிக்கு அது வரும். முதலில் கிளட்ச் மாஸ்டரில் (பெடலோடு சேர்ந்த சிலிண்டர்) பிரேக் ஆயில் இருக்கிறதா பார், பெடலை மிதிக்கும்போது கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் கம்பி வெளியே தள்ளுகிறதா பார். தள்ளினால் பிளேட்தான். கியர்பாக்ஸை இறக்க வேண்டாம், அவசரப்படாதே. எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, கியரில் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஸ்டார்ட்டரைத் தட்டினால் பெரும்பாலும் டக்கென்று விடுபடும். தனியாகச் செய்யாதே, வண்டி பாய்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். சக்கரத்துக்கு நல்ல கட்டை இரண்டு தேடி வை, ரப்பர் மரம் வேண்டாம், அயனி இருந்தால் நல்லது.